தொண்டை நல்லாத்தான் இருக்கு, குரல்தான் வரல: நரம்புக் கோளாறால் குரல்வளை பாதிக்கப்பட்டால் என்ன செய்வது?

"ஆமா" என்ற ஒரே சொல்லைச் சொல்ல அந்த டீச்சர் மூன்று முறை முட்டினார். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதுதான் அவருக்கு நாளின் பெரிய சோதனை. அருண், ஆனந்தி, இளவரசி என்று உயிரெழுத்தில் தொடங்கும் பெயர் வந்தாலே கழுத்தை யாரோ பிடித்து நெரிப்பதுபோலக் குரல் நின்றுவிடும். பெயரை விட்டுவிட்டு வரிசை எண்ணைச் சொல்லிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது: பத்தில் ஏழு உயிரெழுத்து! இரண்டை 'ரெண்டு' ஆக்கினாலும் தப்பிக்க முடியவில்லை. ஆனால் தங்கையின் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடும்போது மட்டும் குரல் தண்ணீர்போல ஓடியது.

இரண்டு வருடமாக அவருக்குக் கிடைத்தது நெஞ்செரிச்சல் மாத்திரை, ஆன்டிபயாடிக், "பேசாம ரெஸ்ட் எடுங்க" என்ற அறிவுரை, கடைசியில் "மனசுல ஏதாவது கவலையாம்மா?" என்ற கேள்வி. போன இடமெல்லாம் ஒரே பதில்: "தொண்டை நல்லாத்தான் இருக்கு." அது பொய்யும் இல்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. கோளாறு, தொண்டைக்கு மூளை அனுப்பும் கட்டளையில்.

குரல் பயிற்சியாளராக என் அனுபவத்தில், இந்த வகை நோய்களைக் கண்டுபிடிப்பதில் முக்கியமான கருவி காதுதான். ஸ்கேன் பிறகு. குரல் எப்படி இருக்கிறது என்று கேட்பதைவிட, எப்போது உடைகிறது, எப்போது உடையவில்லை என்று கேட்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

முதலில்: எது காத்திருக்கும், எது காத்திருக்காது

பேச்சு திடீரெனக் குழறி, வாய் கோணி, தலை சுற்றி, தண்ணீர் குடித்தால் புரை ஏறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். மூளைத்தண்டின் பக்கவாட்டில் அடைப்பு ஏற்பட்டால் கை கால் நன்றாக இயங்கிக்கொண்டே குரலும் விழுங்கலும் மட்டும் போகும். அதனால் "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் இருந்தால் 108.

மூச்சை உள்ளே இழுக்கும்போது 'ஈஈ' என்று விசில்போலச் சத்தம் வந்தாலும் உடனே போக வேண்டும். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. குரல்நாண்கள், அதாவது குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்புகள், இரண்டும் நடுவில் வந்து செயலிழந்து நின்றுவிட்டால் குரல் கிட்டத்தட்ட இயல்பாகவே கேட்கும். மூச்சுப் பாதைதான் அடைபட்டிருக்கும். குரல் நன்றாக இருக்கிறதே என்று நம்பி இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடு, மனநல மருத்துவத்தில் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளுக்குப் பிறகு கழுத்து, தாடை, தொண்டை இழுத்துக்கொள்வதும் அவசரம்தான். ஊசி போட்டால் சீக்கிரமே சரியாகும், ஆனால் ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டும்.

இவை எதுவும் இல்லாத சாதாரணக் கரகரப்புக்கு நான்கு வாரம் கணக்கு. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2018இல் புதுப்பித்த வழிகாட்டுதல் சொல்வதும் அதுதான்: நான்கு வாரத்தில் சரியாகாத குரலைக் குரல்வளைக்குள் பார்க்காமல் விடக்கூடாது, பார்ப்பதற்கு முன்பே ஸ்கேன் எடுக்கவும் கூடாது, வழக்கம்போல ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, நெஞ்செரிச்சல் மருந்து எழுதவும் கூடாது. புகைபிடிப்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர், சளியில் ரத்தம் பார்த்தவர் நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் பத்து நிமிடம்: போனில் பதிவு செய்யுங்கள்

டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் குரல் நல்லபிள்ளையாகிவிடும், இல்லையென்றால் பயத்தில் இன்னும் மோசமாகும். அதனால் வீட்டிலேயே பதிவு செய்து எடுத்துப் போங்கள். ஒருநாள் காலையிலும் மாலையிலும், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனை வைத்துக்கொண்டு.

மூச்சை நன்றாக இழுத்து 'ஆ' என்று எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்று பாருங்கள். நலமான பெரியவர் பதினைந்து, இருபது நொடி பிடிப்பார். பத்து நொடிக்குள் காற்று தீர்ந்துபோனால் குரல்நாண்கள் சரியாக மூடவில்லை, நடுவே காற்று ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம். அதே 'ஆ' அலை அலையாக ஆடினால் நடுக்கம்.

அடுத்து இரண்டு வாக்கியங்கள். ஆங்கிலத்தில் இதற்கென்று தனி வாக்கியங்கள் உண்டு. ஆங்கிலத்திலேயே 80 முதல் 90 வரை எண்ணச் சொல்லி ஒரு வகையையும், 60 முதல் 70 வரை எண்ணச் சொல்லி இன்னொரு வகையையும் பிடிப்பார்கள். தமிழில் எண்ணினால் வேலைக்கு ஆகாது: 'எண்பத்தொன்று' என்பதற்குள் குரலுள்ள ஒலியும் வல்லொலியும் கலந்தே கிடக்கின்றன. நான் பயன்படுத்துவது இவை, அளவெடுத்துத் தரப்படுத்தியவை அல்ல, அனுபவத்தில் சேர்த்தவை:

"அண்ணனும் அண்ணியும் ஆரணி வழியா வருவாங்க."

"பாட்டி சுட்ட பத்துத் தட்டை தாத்தா கைக்குப் போச்சு."

முதல் வாக்கியத்தில் குரல் ஒரு கணமும் அணையாது. உயிரும் மெல்லினமும் இடையினமும்தான்; கடைசி 'ங்க'கூடக் குரலோடுதான் ஒலிக்கும். இரண்டாவதில் வல்லினம் ஒவ்வொன்றிலும் குரல் அணைந்து, மறுபடி பற்ற வேண்டும். முதலாவது மட்டும் திணறி, "அ...அண்...ணனும்" என்று நெரிபட்டால் ஒரு நோய். இரண்டாவதில் "பா"வுக்குப் பின் காற்றாகப் போய் "ட்டி" கிசுகிசுப்பாக விழுந்தால் வேறொன்று. இரண்டும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் அது பெரும்பாலும் நரம்பு அல்ல, தசையை இறுக்கிப் பேசும் பழக்கம்.

பிறகு அதே வாக்கியத்தைக் கிசுகிசுப்பாகச் சொல்லுங்கள். உரக்கக் கூப்பிடுங்கள். இரண்டு வரி பாடுங்கள். சிரிக்கும்போது யாரையாவது பதிவு செய்யச் சொல்லுங்கள். நம் டீச்சரின் போனில் இருந்த தாலாட்டுதான் அவர் நோயின் பெயரைச் சொன்னது.

யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது

முதலில் இஎன்டி டாக்டர், முடிந்தால் குரலையே தனித்துறையாகப் பார்ப்பவர். பிறகு தேவைப்பட்டால் நரம்பு டாக்டர். இடையில் குரல் பயிற்சியாளர் கட்டாயம். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

குரல்வளையை உயிருள்ள மனிதனில் தெளிவாகப் பார்த்துச் சொன்னவர் டாக்டர் அல்ல, மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854இல் பல் டாக்டரின் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்து, வெயிலை அதன்மேல் திருப்பி, தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். இன்று அதற்கு ஸ்கோப் இருக்கிறது, ஆனால் எந்த ஸ்கோப் என்பதில்தான் விஷயம். நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, வாய் வழியாக விடும் கம்பி ஸ்கோப்பில் படம் பளிச்சென்று வரும். ஆனால் நாக்கு டாக்டர் கையில் இருக்கும்போது 'ஈ' தவிர என்ன பேச முடியும்? பேசும்போது மட்டும் வரும் கோளாறு அங்கே தலையே காட்டாது. டீச்சருக்கு இரண்டு வருடம் எடுத்த படமெல்லாம் இப்படித்தான். மூக்கு வழியாக விடும் வளையும் ஸ்கோப்பில் மேலே சொன்ன வாக்கியங்களைச் சொல்லலாம், பாடலாம், முகரலாம். "பேசும்போது பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோபோஸ்கோப் வெளிச்சமும் இருந்தால் குரல்நாணின் அதிர்வு மெதுவாக ஓடுவதுபோலத் தெரியும். சிறு வடு, வீக்கம் இருந்தால் அதில் அகப்படும்.

ஒரு பக்கம் அசையவில்லை என்றால்

குரல்நாணை அசைக்கும் நரம்பு நேராக வருவதில்லை. மூளையிலிருந்து இறங்கி, குரல்வளையைத் தாண்டி, இடப்பக்கம் நெஞ்சுக்குள் போய்ப் பெருந்தமனி வளைவைச் சுற்றி, மறுபடி மேலே ஏறுகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கு இந்தச் சுற்றுவழி நாலு மீட்டருக்கும் மேல். வலப்பக்க நரம்பு தோள்பட்டைக்குப் போகும் தமனியோடு திரும்பிவிடும். அதனால்தான் இடது குரல்நாண் அதிகம் பாதிக்கப்படுகிறது: நுரையீரல் புற்று, நெஞ்சில் வீங்கிய காசநோய் நெறிக்கட்டி, தமனி வீக்கம் எதுவும் அதை அழுத்தலாம். இதய வால்வு சுருங்கி இடது மேலறை வீங்கினாலும் குரல் போகும். வியன்னாவின் ஓர்ட்னர் 1897இல் எழுதியது அது. வால்வைச் சுருக்கும் வாதக் காய்ச்சல் இன்னும் ஒழியாத நம் நாட்டில் பழைய கதை என்று அதைத் தள்ள முடியாது. தைராய்டு ஆபரேஷனுக்குப் பின் குரல் காற்றாகப் போனாலும் சந்தேகம் இதே நரம்பின்மேல்தான்.

எனவே காரணம் தெரியாமல் குரல்நாண் செயலிழந்தால் மண்டை ஓட்டின் அடியிலிருந்து நெஞ்சு வரை ஸ்கேன் எடுக்க வேண்டும். கழுத்தோடு நிறுத்துவது, திருடன் மாடியில் இருக்க வாசலைத் தேடுவது மாதிரி. பலருக்குக் காரணமே அகப்படாது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வந்திருக்கும். கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி பேஜ், சளி பிடித்து ஆறிய பின் தன் இடது குரல்நாண் செயலிழந்ததை 2013இல் தாமே எழுதினார்.

சிகிச்சையில் காலம்தான் முக்கியம். நரம்பு தானாகத் திரும்பப் பெரும்பாலும் ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருடம் பார்ப்பார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை: செயலிழந்த நாணுக்குள் சில மாதங்களில் கரைந்துவிடும் ஜெல்லை ஊசியால் ஏற்றி நடுவுக்குத் தள்ளலாம். குரலும் இருமலும் அன்றே பலப்படும், புரை ஏறுவதும் குறையும். ஒரு வருடத்திலும் திரும்பாவிட்டால் ஜப்பானின் கியோட்டோவில் நொபுஹிகோ இஷிகி 1974இல் வகுத்த குருத்தெலும்பு ஆபரேஷன். கழுத்தில் சின்ன ஜன்னல் திறந்து, சிலிக்கோன் கட்டையோ கோர்-டெக்ஸ் நாடாவோ வைத்து நாணை நடுவுக்கு நகர்த்துவது. மயக்கம் கொடுக்காமல், மரத்துப்போக வைத்துச் செய்வார்கள். நீங்கள் மேஜையில் படுத்தபடி பேசப் பேச, குரல் சரியாகும் இடத்தில் கட்டையை நிறுத்துவார்கள். இளவயதினருக்குக் கழுத்தின் வேறு நரம்பை இதனோடு இணைக்கும் ஆபரேஷனும் உண்டு. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

நாண் அசைகிறது, ஆனால் சொல் பேச்சு கேட்கவில்லை என்றால்

இங்கேதான் டீச்சர் வருகிறார். நோயின் பெயர் ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா. எழுதும்போது மட்டும் கை இழுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே குடும்பம், டிஸ்டோனியா. பேசும்போது மட்டும் குரல்நாண்கள் தேவைக்கு மேல் இறுக மூடுகின்றன. பெரும்பாலானோருக்கு இந்த வகைதான். சிலருக்கு எதிர்மாறாகத் திறந்துகொள்ளும், அதுதான் வல்லினத்தில் காற்றாகப் போவது. நடுவயதில், பெண்களுக்கு அதிகம். போனில் மோசமாகும், பதற்றத்தில் மோசமாகும். இதனாலேயே, ஜெர்மனியின் லுட்விக் ட்ராபே 1871இல் விவரித்த பிறகும் நூறு வருடம் இதை மனநோய் என்றே வைத்திருந்தார்கள். பதற்றம் இதைக் கூட்டும், உண்டாக்காது. அமெரிக்க வானொலி நிகழ்ச்சி நடத்திய டயான் ரேம் 1998இல் இதே நோயோடு தன் ஒலிவாங்கிக்குத் திரும்பினார். அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரின் நெரிபடும் குரலும் இதுதான்.

எம்ஆர்ஐயில் இது தெரியாது, ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. கேட்டுத்தான் சொல்ல வேண்டும். குழப்பம் வந்தால் நான்கைந்து வாரம் குரல் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம். தசை இறுக்கம் மட்டும் என்றால் நன்றாகவே இளகும். இது இளகாது. இருபதுகளில் இருப்பவருக்குக் குரலோடு பேச்சுக் குழறலும் கை இழுப்பும் சேர்ந்தால் வில்சன் நோயைப் பார்த்தே ஆக வேண்டும். உடலில் செம்பு சேர்வதால் வருவது, மருந்தால் கட்டுப்படுவது, தவறவிட்டால் கல்லீரலும் மூளையும் போகும்.

சிகிச்சை போடாக்ஸ் ஊசி. 1984இல் ஆண்ட்ரூ பிளிட்ஸர் குழுவினர் குரல்வளைக்கு முதலில் போட்டார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த நோய்க்கென்று தனியாக அனுமதிக்கவில்லை, ஆனாலும் உலகெங்கும் முதல் சிகிச்சை இதுதான். நெற்றிச் சுருக்கத்துக்கு 20 யூனிட் போடும் மருந்து, இங்கே ஒரு பக்கத்துக்கு ஒன்று, இரண்டு யூனிட். கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் ரசாயனத்தை நரம்பு முனையிலேயே அது தடுக்கிறது.

ஊசி போடும் அறையில் நடப்பது இது. சாய்ந்து படுப்பீர்கள், தோளுக்கடியில் ஒரு தலையணை. குரல்வளை மேட்டுக்குக் கீழே விரல் வைத்தால் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அதன் வழியாக ஊசி. ஊசியே, தசையின் மின்துடிப்பைப் பிடிக்கும் இ.எம்.ஜி. மின்முனையும்கூட. டாக்டர் "ஈ... சொல்லுங்க" என்பார். சரியான தசையில் ஊசி நின்றால், ஒலிபெருக்கியில் சூடான மணலில் நெல் பொரிவதுபோலப் படபடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் மருந்தை அழுத்துவார். விழுங்காமல், இருமாமல் சில நொடி. திறந்துகொள்ளும் வகைக்குப் பின்பக்கத் தசையில் போட வேண்டும்; அது கடினம், மூச்சுப் பாதை அடைபடாமல் இருக்கப் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்.

கர்ப்பிணி, பால் கொடுப்பவர், மயஸ்தீனியா (தசை சீக்கிரம் களைத்துப்போகும் நோய்) உள்ளவர் போட்டுக்கொள்ளக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டாலோ, ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டிருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். மருந்தின் பிராண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல.

ஓரிரு நாளில் மருந்து பிடிக்கும். முதல் ஒன்றிரண்டு வாரம் குரல் காற்றாகப் போகும், தண்ணீர் புரை ஏறும். தாடையை நெஞ்சோடு தாழ்த்திச் சின்ன மடக்காகக் குடியுங்கள். தண்ணீரைவிடக் கூழும் கெட்டி மோரும் எளிது. அதன்பின் மூன்று, நான்கு மாதம் நல்ல குரல். பிறகு மறுபடி ஊசி. குணமாகாது, கட்டுப்படும். நிரந்தரத்துக்காக நரம்பை வெட்டும் ஆபரேஷனைப் பற்றி 1976இல் அமெரிக்க டாக்டர் டெடோ எழுதினார். பலருக்கு நோய் திரும்பியது. இப்போது வெட்டி வேறு நரம்பை இணைப்பதும், ஜப்பானில் டைட்டானியம் பாலம் வைத்து நாண்களை விலக்குவதும் இருக்கின்றன. மூன்று நான்கு ஊசி பார்க்காமல் அங்கே தாவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடுக்கம், மெலிவு, களைப்பு

பார்கின்சன் உள்ளவருக்குக் குரல் மெலிந்து ஒரே தட்டில் ஓடும். அவருக்கு அது தெரியாது. "உங்களுக்குத்தான் காது மந்தம்" என்று மனைவியிடம் சண்டை போடுவார். மூளையின் ஒலியளவுக் கணக்கே இறங்கிவிட்டது, வேண்டுமென்றே முனகவில்லை. 1987இல் உருவான லீ சில்வர்மேன் பயிற்சி இதற்கானது: வாரம் நான்கு நாள், நான்கு வாரம், பதினாறு வகுப்பு, நோக்கம் ஒன்றே ஒன்று, உரக்கப் பேசுவது. தூங்கும்போது மூச்சில் விசில் வந்தால் அது பார்கின்சன்போலவே தோன்றும் வேறொரு கடுமையான நோயாக இருக்கலாம். நரம்பு டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

குடும்பத்தில் கை நடுக்கம் இருந்து, குரலும் நடுங்கினால் புரோப்ரனலால் கொடுத்துப் பார்ப்பார்கள். கைக்குக் கேட்கும் அளவு குரலுக்குக் கேட்காது.

காலையில் கணீரென்று இருந்து, பேசப் பேசத் தேய்ந்து, மாலையில் இமையும் தொங்கினால் மயஸ்தீனியா. ஒன்றிலிருந்து நூறு வரை உரக்க எண்ணச் சொன்னால் எழுபது, எண்பதில் குரல் மூக்கில் இறங்குவது கேட்கும். ரத்தப் பரிசோதனை, நெஞ்சு ஸ்கேன், மாத்திரை என்று வழி இருக்கிறது.

பேச்சு குழறி, மூக்கில் ஒலித்து, நாக்கு புழு நெளிவதுபோலத் துடித்தால் அது இயக்க நரம்பணு நோயாக இருக்கலாம். டாக்டர் அதை உறுதி செய்த நாளிலேயே, குரல் முழுக்கப் போகும் முன், நோயாளியின் குரலைப் போனில் பதிவு செய்யத் தொடங்குங்கள். பேரன் பேத்தி பெயர், "சாப்டியா?", கோபத்தில் திட்டுவது, எல்லாவற்றையும்.

ஊசிக்குப் பிறகு: நோட்டுப் புத்தகம்

டோஸை முதல் முறையே சரியாகப் போடும் டாக்டர் அபூர்வம். உங்கள் உடலுக்கான அளவை நீங்கள் எழுதும் குறிப்புதான் சொல்லும். டீச்சர் பள்ளிக்கூட நோட்டில், தேதிக்குப் பதில் நாள் எண் போட்டு எழுதினார்.

"2: குரல் காத்தா போகுது. கரும்பலகையில எழுதியே பாடம் எடுத்தேன்.

5: காபி புரை ஏறிச்சு, ரெண்டு தடவை.

13: இன்னும் காத்துதான். பசங்க எனக்காக அமைதியா இருக்காங்க, பாவம்.

17: அட்டெண்டன்ஸ். அருண், ஆனந்தி, இளவரசி, மூணும் ஒரே மூச்சுல.

98: 'ஆமா' இழுக்க ஆரம்பிக்குது."

நல்ல நாள் எண்பத்தொன்று, காற்றான நாள் பதினைந்து. அதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை டாக்டர் இரண்டு பக்கமும் கால் யூனிட் குறைத்துப் போட்டார்.